பஹாபூர்ப் பாறையும் மௌரியரின் முடிவும்: கல்லில் வெட்டியதை யார் படித்துச் சொன்னார்கள்?

மல்லிகை, லாஜ்பத் நகர் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை கால்காஜி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு பஹாபூர் அசோகர் கல்வெட்டைக் காட்டினேன். தில்லிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நானே இன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். சாய்ந்து கிடக்கும் ஒரு பாறை. மேலே கூரை போட்டுக் கம்பி அடைத்திருக்கிறார்கள். நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் எழுத்துகள் மெல்லிய கீறல்களாகப் புலப்பட்டன. சமமில்லாத பத்து வரிகள். 1966இல் கட்டட வேலை நடந்தபோதுதான் இது வெளியே தெரிந்ததாம்.

மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை யார் அம்மா படித்தார்கள்? அந்தக் காலத்தில் எல்லோருக்கும் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் கேள்வியும் சேர்ந்துகொண்டது. காந்தஹாரில் கிரேக்கத்திலும் அராமிக்கிலும், கர்நாடகத்தில் மஸ்கியிலும் பிரம்மகிரியிலும் பிராகிருதத்திலும் தன் சொல்லை வெட்டிவைத்தவர் கி.மு. 232 வாக்கில் மறைகிறார். கி.மு. 185 வாக்கில் அந்த அரசே இல்லை. ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அத்தனை பெரிய அமைப்பு எப்படி இவ்வளவு விரைவில் கலைந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளுக்கும் படித்துக் காட்டுவேன்.

கணக்கர், மயூர் விஹார் (ஞாயிறு, இரவு 10.55)

அம்மா, உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் உங்கள் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பெரும்பாலோர் படிக்கவில்லை, கேட்டார்கள். ஒடிசாவில் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள தனிக் கல்வெட்டுகளில் அசோகரே சொல்கிறார்: திஷ்ய நாளில் இதை மக்கள் கேட்க வேண்டும், இடைப்பட்ட நாள்களில் ஒரே ஒருவர் இருந்தாலும் கேட்கச் செய்யலாம் என்று. திஷ்யம் என்பது நம் பூச நட்சத்திரம். ஆக, ஓர் அதிகாரி கல்லின் முன்னால் நின்று உரக்கப் படிப்பார், ஊர் கூடிக் கேட்கும். அரசனின் குரல் அந்த அதிகாரியின் வாய் வழியாகத்தான் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோசலி நகர மகாமாத்திரர்களுக்கு, அதாவது உயர் அதிகாரிகளுக்கு, எழுதிய அதே கல்வெட்டில், "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்ற புகழ்பெற்ற வாசகம் வருகிறது. அதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு அடுத்து வருவதைப் பலர் படிப்பதில்லை. காரணமின்றி மனிதர்கள் சிறையில் அடைக்கப்படுகிறார்கள், துன்புறுத்தப்படுகிறார்கள், நீங்கள் நடுநிலையாக நடக்க வேண்டும் என்கிறார். பொறாமை, சினம், கொடுமை, பதற்றம், முயற்சியின்மை, சோம்பல், களைப்பு ஆகியவை உங்களிடம் இருந்தால் நடுநிலை வராது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். தன் அதிகாரிகளிடம் களைப்பும் சோம்பலும் இருப்பதைக் கல்லில் வெட்டி ஒப்புக்கொண்ட வேறொரு பேரரசனை நான் படித்ததில்லை.

நான் மத்திய அரசுக் கணக்குத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். ஒருமுறை வறட்சி நிவாரண தானியம் வழங்கிய கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு மாவட்டத்துக்குப் போனேன். பதிவேடு சுத்தமாக இருந்தது. இருநூறு பெயர், இருநூறு பெருவிரல் ரேகை. இரண்டாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே விரல். ரேகையின் இடது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. பக்கத்துக்குப் பக்கம் அதே தழும்பு. தலைநகரில் கையெழுத்தான ஆணை நல்ல ஆணைதான். அந்த இருநூறு பேருக்கும் ஒரு படி அரிசிகூடப் போகவில்லை. அசோகரின் அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தழும்புதான் என் கண்முன் வருகிறது.

என் கருத்து இதுதான்: பேரரசு படையால் எழுகிறது, ஆனால் கடைசி அதிகாரியின் கையில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கே அழுகினால் தலைநகருக்குத் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

முகர்ஜி நகர் மாணவன் (திங்கள், காலை 6.20)

ஐயா சொன்னதைப் படித்து இரவே பதில் எழுத நினைத்தேன். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பதால் இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும். வரலாற்றாசிரியர்கள் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்.

ஹரப்பிரசாத் சாஸ்திரி பிராமணர்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டினார். கடைசி மௌரியரான பிருகத்ரதனை அவருடைய படைத்தலைவர் புஷ்யமித்திர சுங்கர் படை அணிவகுப்பின்போதே கொன்றதை அதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். ஹேமச்சந்திர ராய்சௌதுரி, அசோகரின் அகிம்சை படையைத் தளர்த்திவிட்டது என்றார். கோசாம்பி பொருளாதாரத்தைக் காட்டினார்: பிற்கால முத்திரைக் காசுகளில் வெள்ளி குறைந்து செம்பு கூடியிருக்கிறது, கருவூலம் வற்றியதன் அடையாளம் அது என்று.

எனக்கு மூன்றாவதே வலுவாகத் தோன்றுகிறது. அகிம்சைக் காரணத்தை நான் ஏற்கவில்லை. அசோகர் படையைக் கலைத்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மரண தண்டனையைக்கூட அவர் ஒழிக்கவில்லை, தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் அவகாசம் மட்டுமே கொடுத்தார். கலிங்கப் போருக்கு வருந்திய அதே பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், காட்டு மக்களைப் பார்த்து, வருந்தினாலும் எனக்கு வலிமை இருக்கிறது, திருந்துங்கள் என்று எச்சரிக்கிறார். வாளைக் கீழே போட்டவன் பேசும் பேச்சா அது?

நாஞ்சில், துவாரகா (திங்கள், காலை 11.05)

கணக்கர் சாரிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். கெட்ட அதிகாரிகள் எல்லா அரசிலும் இருந்தார்கள், நீடித்த அரசுகளிலும் இருந்தார்கள். அப்படியிருக்க ஒன்று ஐம்பது ஆண்டில் போகிறது, இன்னொன்று நானூறு ஆண்டு நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு அதிகாரியின் ஒழுக்கம் எப்படி விளக்கம் ஆகும்?

தூரத்தைப் பாருங்கள். பாரசீகத்தில் சார்திஸ் முதல் சூசா வரை அரசப் பாதை இருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் 111 நிலையங்கள், நடந்தால் 90 நாள். அஞ்சல் குதிரைகள் மாறி மாறி அதே தூரத்தைச் சில நாள்களில் கடந்தன. மௌரியத் தலைநகர் பாடலிபுத்திரத்திலிருந்து வடமேற்கில் இருந்த தட்சசீலத்துக்குச் செய்தி போய், பதில் வந்து, படை கிளம்ப எத்தனை மாதம் ஆகியிருக்கும்? அசோகர் இருந்தவரை இழுத்துப் பிடித்தார். அடுத்து வந்தவர்களால் முடியவில்லை. கி.மு. 206இல் செலூக்கிய அரசர் மூன்றாம் அந்தியோகஸ் இந்துகுஷ் மலையைத் தாண்டி வந்தபோது, அங்கே யானைகளைக் கொடுத்து ஒப்பந்தம் செய்தவர் சுபாகசேனர். அவரை "இந்தியர்களின் அரசன்" என்றே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறிப்பிடுகிறார். அசோகர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த நிலையில் வடமேற்கில் தனி அரசன்! இது தூரமும் வாரிசுச் சிக்கலும் செய்த வேலை.

சீனத்தையும் பாருங்கள். கி.மு. 221இல் ஏழு நாடுகளை ஒன்றாக்கிய சின் பேரரசு பதினைந்தே ஆண்டில் அழிந்தது. வண்டி அச்சின் அகலம்கூட நாடு முழுவதும் ஒன்று என்று ஆணையிட்ட அரசு அது. கி.மு. 209இல் 900 பேரை எல்லைக் காவலுக்கு அழைத்துப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. குறித்த நாளுக்குள் போய்ச் சேர முடியாது. தாமதித்தால் தலை போகும். "போனாலும் சாவு, கலகம் செய்தாலும் சாவு" என்று சென் ஷெங் என்பவர் எழுந்து நிற்கிறார். அங்கே தொடங்கியது முடிவு. அதிகாரி ஒழுங்காகச் சட்டப்படி நடந்ததுதான் அங்கே கேடு.

முகர்ஜி நகர் மாணவன் (திங்கள், பிற்பகல் 2.30)

நாஞ்சில் அண்ணா, ஒரு திருத்தம். தாமதித்தால் மரண தண்டனை என்பது சின்னுக்கு அடுத்து வந்த ஹான் அரசின் காலத்தில் சீமா சியன் எழுதிய வரலாற்றில் வருகிறது. 1975இல் ஷுய்ஹுதி என்ற இடத்தில், சின் காலத்துக் கீழ்நிலை அதிகாரி ஒருவரின் கல்லறையைத் திறந்தார்கள். உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள். அவற்றில் பல சட்டங்களும் விசாரணைக் குறிப்புகளும். கட்டாய வேலைக்குத் தாமதமாக வந்தால் என்ன தண்டனை என்பதும் அதில் இருக்கிறது. சில நாள் என்றால் கண்டிப்பு, ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம், அதற்கு மேல் ஒரு கவசம். மழை பெய்தால் வேலையே விலக்கு. படைக்காவலுக்கு விதி வேறாக இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனாலும் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு அந்தக் கல்லறைதான் மறக்க முடியாதது. சட்டப் பட்டைகளைத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஓர் எழுத்தர்.

நாஞ்சில், துவாரகா (திங்கள், மாலை 5.15)

நன்றி தம்பி, திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் என் வாதம் அதனால் விழவில்லை. அடுத்து வந்த ஹான் அரசு சின் அமைத்த மாவட்ட ஆட்சி முறையைப் பெரும்பகுதி அப்படியே வைத்துக்கொண்டது. சட்டத்தைத் தளர்த்தி, நிலவரியைப் பதினைந்தில் ஒரு பங்காக்கியது, பிறகு முப்பதில் ஒரு பங்காக்கியது. இடையில் சிறு முறிவோடு நானூறு ஆண்டுகள் நின்றது. ஆக, எவ்வளவு எடுக்கிறாய் என்பதே கேள்வி. எடுப்பவன் யோக்கியனா என்பது இரண்டாவது.

கணக்கர், மயூர் விஹார் (திங்கள், இரவு 9.10)

நாஞ்சில் சார், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை யார் முடிவு செய்கிறார்? ஆணையில் ஆறில் ஒரு பங்கு என்று இருக்கும். களத்துமேட்டில் மரக்காலைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதை அங்கே நிற்பவன்தான் முடிவு செய்கிறான். விவசாயிக்கு வரி என்பது அந்த மரக்கால்தான்.

அர்த்தசாஸ்திரம் இதை நன்றாக அறிந்த நூல். அதன் காலம் பற்றி அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு, முழுவதும் மௌரியர் காலத்தது அல்ல என்பதே இன்று பலர் கருத்து. ஆனாலும் பழைய ஆட்சிக்காரர்களின் பட்டறிவு அதில் இருக்கிறது. பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொல்கிறது. தண்ணீருக்குள் நீந்தும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று அறிய முடியாதது போல, அதிகாரி எப்போது பணம் எடுக்கிறான் என்று அறிய முடியாது என்கிறது. ஊதியப் பட்டியலும் உண்டு. மேலே 48,000 பணம், அடிமட்டத்தில் 60 பணம். எண்ணூறு மடங்கு! அறுபது பணம் வாங்குபவன் எப்படிப் பிழைப்பான் என்று அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

தட்சசீலத்துக் கதை ஒன்று பௌத்த நூலான திவ்யாவதானத்தில் வருகிறது. அசோகரின் தந்தை பிந்துசாரர் காலத்தில் அங்கே கலகம். அடக்க இளவரசர் அசோகர் போகிறார். ஊர் மக்கள் எதிர்கொண்டு வந்து, "எங்களுக்கு இளவரசர்மேலும் பகை இல்லை, அரசர்மேலும் பகை இல்லை, கெட்ட அமைச்சர்கள்தான் எங்களை அவமதிக்கிறார்கள்" என்கிறார்கள். கதை என்றே வைத்துக்கொள்வோம். நூற்றாண்டுகள் கழித்தும் அந்தக் கலகத்துக்குக் காரணமாக மக்கள் நினைவில் நின்றது எது பாருங்கள். தூரமும் இல்லை, காசின் வெள்ளியும் இல்லை.

தமிழாசிரியை, ராமகிருஷ்ணபுரம் (செவ்வாய், மாலை 4.45)

தாமதமாக வருகிறேன், தேர்வுத்தாள் திருத்தும் வேலை. கணக்கர் ஐயா களத்துமேட்டைச் சொன்னதும் பிசிராந்தையார் நினைவுக்கு வந்துவிட்டார். புறநானூறு 184ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மா என்ற அளவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் காணும். நூறு வயலானாலும் யானையே தனியே புகுந்து மேய்ந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம், "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்." அரசனுக்கு வந்து சேர்வது கொஞ்சம், வழியில் அழிவது மிகுதி. நீங்கள் இருவரும் வாதாடுவது இந்த ஒரே வரிக்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாஞ்சில் சார் யானையின் வாயைச் சொல்கிறார், கணக்கர் ஐயா காலைச் சொல்கிறார். பிசிராந்தையார் கால்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் அவர் பக்கமே.

இன்னொன்று. மௌரியரைத் தமிழ் மன்னர்கள் தோற்கடித்தார்கள் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறேன். மாணவர்களும் எழுதுகிறார்கள். பாட்டில் இருப்பதை மட்டும் சொல்வோம். அகநானூறு 251இல் மாமூலனார், மோகூர் பணியாததால் "வம்ப மோரியர்" (புதிய மௌரியர்) பெரும்படையோடு வந்ததையும், அவர்களுடைய தேர்ச்சக்கரம் உருள மலைப்பாறை வெட்டப்பட்டதையும் சொல்கிறார். யார் வென்றார் என்று சொல்லவில்லை. அதே மாமூலனார் 265ஆம் பாட்டில், பாடலியில் நந்தர் சேர்த்துக் கங்கை நீருக்கடியில் மறைத்துவைத்த செல்வத்தைக் கேட்கிறார்: அதற்காகவா தலைவன் என்னைப் பிரிந்தான் என்று தலைவி ஏங்குகிறாள். பாடலிபுத்திரத்தின் கருவூலம் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் பிரிவுத் துயருக்குள் வந்து நிற்கிறது!

அசோகர் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எல்லைக்கு அப்பாற்பட்டவர்களாக வருகிறார்கள். அவர்கள் நாட்டிலும் மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார். சத்தியபுத்திரர் யார் என்று நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில், "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்ற ஒரே வரி கிடைத்தது. சத்தியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைப்பள்ளி என்று பொருள். ஔவை பாடிய அதியமான்! இந்த வரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதும் நாளெல்லாம் எனக்குக் கை நடுங்கும்.

முகர்ஜி நகர் மாணவன் (செவ்வாய், இரவு 8.00)

அம்மா, ஜம்பை எனக்குப் புதிய செய்தி. மிக்க நன்றி.

என் நிலைப்பாட்டையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். காசில் செம்பு கூடியதற்கு வேறு விளக்கமும் உண்டு என்று வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் காட்டியிருக்கிறார். வணிகம் பெருகி, வெள்ளி போதாமலும் அப்படி நடந்திருக்கலாம். அவர் அதிகாரிகளையும் குறிப்பிடுகிறார், ஆனால் ஒழுக்கத்தை அல்ல. அவர்களின் விசுவாசம் அரசு என்ற அமைப்பின்மேல் இல்லை, அரசனின் மேல் இருந்தது, அரசன் மாறினால் அவர்களும் மாறுவார்கள் என்கிறார். சின் எழுத்தரின் கல்லறை எனக்கு ஏன் மறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. அவர் அரசனின் பெயரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சட்டப் பட்டைகளைக் கொண்டுபோனார். சின் போன பிறகும் அவரைப் போன்ற எழுத்தர்கள் இருந்தார்கள். அவர்களை வைத்துத்தான் ஹான் அரசு எழுந்தது. அசோகருக்குப் பிறகு இங்கே அப்படி யார் மிஞ்சினார்கள்?

நாஞ்சில், துவாரகா (செவ்வாய், இரவு 10.20)

தம்பி சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. தூரமும் வாரிசும் முதன்மை என்பதை இன்னும் விடவில்லை. ஆனால் பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் ஏடுகளை எண்ணிப் பார்க்கிறேன். 1930களில் ஆயிரக்கணக்கில் கிடைத்தவை. இன்ன வேலையாளுக்கு இவ்வளவு மாவு, இன்ன தூதருக்கு வழியில் இவ்வளவு மது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இவ்வளவு கூடுதல் படி என்று ஒவ்வொன்றும் முத்திரையோடு. ஆண்பிள்ளை பெற்றவளுக்கு இரு மடங்கு என்பது மனத்தை உறுத்துகிறது, இருந்தாலும் கணக்கு இருந்தது. அலெக்சாண்டர் அந்த நகரை எரித்தார், ஆனால் மாகாண முறையைத் தான் வைத்துக்கொண்டார். மௌரியரிடம் சோகௌரா, மகாஸ்தான் என்ற ஊர்களில் பஞ்சகாலக் களஞ்சியம் பற்றிய குறிப்பு கிடைத்திருக்கிறது. அன்றாடக் கணக்கு ஓலையிலோ துணியிலோ இருந்து மக்கிப் போயிருக்கலாம்.

மல்லிகை, லாஜ்பத் நகர் (வியாழன், இரவு 9.30)

எல்லோருடைய பதிலையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். யானைப் பாட்டை எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறாள்.

இன்று மாலை பள்ளி விட்டதும் இருவரும் ஃபெரோஸ் ஷா கோட்லாவுக்குப் போனோம். தோப்ரா என்ற ஊரிலிருந்து தில்லி சுல்தான் ஃபெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்த அசோகர் தூண் அங்கே நிற்கிறது. இலவம்பஞ்சுப் படுக்கையில் சாய்த்து, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளை இணைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதியிருக்கிறார். வந்த பிறகு எழுத்தைப் படிக்க ஆள் தேடினார்கள். ஒருவராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் படிக்கும்வரை அது வாய்பேசாத் தூணாகத்தான் நின்றிருக்கிறது.

வியாழக்கிழமை என்பதால் கூட்டம். இடிபாடுகளுக்குள் ஜின்கள் இருப்பதாக நம்பி மக்கள் மனு எழுதிக் கொண்டுவருகிறார்கள். இருட்டறைகளில் மெழுகுவத்தியும் ஊதுபத்தியும். ஒரு பெண்மணி, என்னைவிட மூத்தவர், ஒரே மனுவைப் பல நகல் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு மாடத்திலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். மடிப்பில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், அதன் கீழே முழு முகவரி. ஏன் இத்தனை நகல் என்று மகள் அவரிடமே இந்தியில் கேட்டுவிட்டாள். "யார் கையில் எது போய்ச் சேரும் என்று எப்படித் தெரியும், மகளே?" என்றார் அவர்.

கணக்கர் ஐயா, அந்தத் தூணிலும் அதிகாரிகளைப் பற்றி இருக்கிறதா? அவள் கேட்கச் சொன்னாள்.

கணக்கர், மயூர் விஹார் (வியாழன், இரவு 10.15)

இருக்கிறது அம்மா. நான்காம் தூண் கல்வெட்டு. லட்சக்கணக்கான மக்களுக்குப் பொறுப்பான ரஜ்ஜுகர்கள் என்ற அதிகாரிகளைப் பற்றியது. தேர்ந்த செவிலியிடம் பிள்ளையைக் கொடுத்தவன், "இவள் என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வாள்" என்று நிம்மதியாக இருப்பது போல, மக்களின் நலனுக்காக ரஜ்ஜுகர்களை அமர்த்தியிருக்கிறேன் என்கிறார்.

மல்லிகை, லாஜ்பத் நகர் (வியாழன், இரவு 10.40)

இவள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஓர் ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். நல்லவர்தான். ஆனாலும் ஒவ்வொரு மதியமும் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவேன், பின்னால் குழந்தையின் சத்தம் கேட்கிறதா என்று. அசோகர் எழுதியதை இப்போது மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அவர் எப்படிக் கூப்பிட்டுக் கேட்டார்?" என்கிறாள்.

கணக்கர், மயூர் விஹார் (வியாழன், இரவு 10.58)

ஆறாம் பாறைக் கல்வெட்டைப் படித்துக் காட்டுங்கள் அம்மா. நான் உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், தோட்டத்தில் இருக்கும்போதும், எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் மக்களின் செய்தியை என்னிடம் கொண்டுவாருங்கள் என்று செய்தியாளர்களுக்கு ஆணையிட்டிருக்கிறார். அதோடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதிகாரிகள் நேரில் சுற்றிவர வேண்டும் என்றும் வைத்தார். நீங்கள் தினமும் கூப்பிட்டீர்கள், அவருக்கு ஐந்தாண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்கு ரிட்ஜில் இருக்கும் மீரட் தூணைப் பார்க்கப் போகிறேன். வெடிவிபத்தில் ஐந்து துண்டாகி, 1867இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஒட்டுப்போட்ட இடங்கள் தெளிவாகத் தெரியும். வருகிறவர்கள் வரலாம். பூதக்கண்ணாடியை நான் கொண்டுவருகிறேன்.